விரலை எடுத்த இடம்

பத்திரத்தைப் படித்துக் காட்டும்போது வரியிலிருந்து விரலை எடுக்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும், எது கேட்டாலும், விரல் அந்த வரியிலேயே இருக்க வேண்டும். சிதம்பரத்தில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். விற்பவர், வாங்குபவர் இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்துச் சத்தமாகப் படிப்பேன். வாங்குகிற பக்கத்து ஆள் பழைய தாய்ப்பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் படிக்கிற சர்வே எண்ணும் எல்லையும் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவார். அப்புறம்தான் கையெழுத்து. எங்கள் தொழிலில் எழுதுவதைவிட இந்தப் படிப்பதுதான் பெரிய வேலை.

நான் விரலை எடுத்தேன். வேறு யாரையும் குறை சொல்ல இதில் வழியில்லை.

எனக்கு வீடு கடலூர் செம்மண்டலத்தில். காலையில் பஸ் ஏறினால் சிதம்பரம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் அன்றைக்கு எழுத வேண்டிய பத்திரங்களை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவேன். மேசையில் உட்கார்ந்தால் கை தானாக ஓடும். ஃபோன் வந்தபின் அந்தப் பழக்கம் போயே போச்சு. ஏறி உட்கார்ந்ததும் கையில் எடுத்தால், இறங்கச் சொல்லிக் கண்டக்டர் தோளைத் தட்ட வேண்டியிருக்கிறது. அவ்வளவு நேரம் என்னத்தைப் பார்த்தாய் என்று கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாது.

நான் விரலை எடுத்தது ஒரு தையல்கார அம்மாவின் பத்திரத்தில். அந்தம்மா பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவர். வாடகைக் கடையை மூன்று தடவை காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இனி ஒருத்தரும் காலி பண்ணச் சொல்லாத இடத்தில் உட்கார்ந்து தைக்க வேண்டும் என்று, சேத்தியாத்தோப்பு போகிற சாலையில் ஒரு துண்டு நிலம் வாங்க வந்தார். இருந்த நகையெல்லாம் அந்த நிலத்துக்கே போயிருந்தது. விற்றவர் காது மந்தமான ஒரு பெரியவர். அவருக்கு அங்கே இரண்டு துண்டு. ஒன்று சாலையை ஒட்டியது. இன்னொன்று பின்னால், வாய்க்கால் ஓரத்துப் பள்ளம்; மழை பெய்தால் தை மாசம் வரைக்கும் தண்ணீர் நிற்கும். தாய்ப்பத்திரத்தில் முதல் அயிட்டம் சாலைத் துண்டு, இரண்டாவது அயிட்டம் பள்ளம். அந்தம்மா வாங்கியது முதல் அயிட்டத்தை.

கம்ப்யூட்டரில் சொத்து விவரம் அடித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அதிர்ந்தது. எடுத்தேன். வீடியோவில் எவனோ ஒருத்தன் அழுக்குப் பிடித்த கம்பளத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் கம்பளமே கிடையாது, கோரைப்பாய்தான். ஆனாலும் அது சுத்தமாகிற வரைக்கும் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பியபோது கண் இரண்டாவது அயிட்டத்தில் போய் நின்றது. அதையே அடித்து முடித்தேன்.

அது போகட்டும், படிக்கும்போது மாட்டியிருக்கும். அதற்குத்தானே படிப்பது. அந்தம்மா தனியாக வந்திருந்ததால் தாய்ப்பத்திரத்தை அவரே பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் பக்கம் கடைசியில் வந்தபோது மறுபடியும் அந்தக் கருமம் அதிர்ந்தது. விரலை எடுத்தேன். ஒரு நிமிஷம் இருக்குமா, அதுகூட இருக்காது. திரும்பவும் படிக்க ஆரம்பித்தபோது ஐந்தாம் பக்கத்தில் இருந்தேன். சொத்து விவரம் இருந்தது நாலாம் பக்கத்தில். பெரியவருக்குக் காது கேட்காது, அந்தம்மாவுக்குப் பத்திர பாஷை புரியாது. ‘படித்துக் காட்டப்பட்டது’ என்ற வரியின் கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். அந்தக் கம்பளம் சிவப்பு, ஓரத்தில் மஞ்சள் பூ. இன்றைக்கும் மறக்கவில்லை.

பட்டா மாற்ற சர்வேயர் வந்து அளந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் பள்ளத்தில் இறங்கி எல்லைக் கல் நட்டிருக்கிறார். அந்தம்மா எனக்கு ஃபோன் செய்தார். “சார், வேற எடத்துல அளக்குறாங்க சார். நீங்க கொஞ்சம் சொல்லுங்க அவுங்களுக்கு.” அவர் குரலில் பயம்கூட இல்லை. நான் சொன்னால் சரியாகிவிடும் என்று நம்பினார்.

பிழைத்திருத்தப் பத்திரம் போட்டால் தீர்ந்துவிடும். ஆனால் அதற்கு விற்றவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். பெரியவர் அதற்கு முந்தின மாசம்தான் செத்துப்போயிருந்தார். மகனைப் பார்க்க நானும் அந்தம்மாவும் போனோம். அப்பாவோடு பழகியவன் என்பதால் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். டீ கொடுத்தான்.

“பத்திரத்துல என்னா இருக்குதோ அதானே மாமா கணக்கு? நீங்கதானே எழுதனீங்க, நீங்கதானே படிச்சிக் காட்டனீங்க. ரோட்டு ஓரத்து எடம் இப்ப வெல ஜாஸ்தியாயிடுச்சி. நான் ஏன் கையெழுத்துப் போடணும்?”

அந்தம்மா டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

கோர்ட்டுக்குப் போகலாம் என்றார் அந்தம்மா பார்த்த வக்கீல். ஆனால் ஒரு காகிதம் வேண்டும். அயிட்டத்தை மாற்றி அடித்தது நான்தான், அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டவில்லை என்று நானே என் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு பக்கம். கொடுத்தால் என் லைசென்ஸ் போனாலும் போகும், ஆனால் அந்தம்மாவுக்கு நிலம் கிடைக்க வழி உண்டு. கொடுக்காவிட்டால் பள்ளம்தான். தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மனசாரத்தான் சொன்னேன்.

ஆயிரக்கணக்கில் பத்திரம் எழுதிய கைக்கு அந்த ஒரு பக்கம் வரவில்லை. மேசையில் உட்கார்ந்து தேதி போடுவேன், ஃபோனை எடுப்பேன். ஃபோனை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பதிவுக்கு வருகிற ஓடிபி எல்லாம் அதில்தான் என்று மறுபடி திறக்க வேண்டியிருந்தது. பட்டன் ஃபோன் ஒன்று வாங்கினேன், நாலு நாள் தாங்கவில்லை. திருவந்திபுரம் போய், வேலை நேரத்தில் தொடமாட்டேன் என்று பெருமாள் முன்னால் வேண்டிக்கொண்டேன். வெளியே வந்து கோபுரத்தைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வீடு வருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

“பயமா இருக்குன்னா பயம்னு சொல்லிட்டுப் போங்க. ஃபோன் மேல ஏன் பழி போடுறீங்க?” என்றாள் வீட்டுக்காரி. எரிச்சலாக வந்தது. ஆனால் அவள் சொன்னது பொய் இல்லை. எழுதப் பயப்படுகிறவனுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும், அது என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. பயம் போனால்தான் ஃபோனை விடுவேன் போலிருக்கிறது, ஃபோனை விட்டால்தான் பயம் போகும் போலிருக்கிறது. இரண்டும் நடக்கவில்லை.

வக்கீல் கெடு வைத்த திங்கட்கிழமை வந்தது. பஸ்ஸிலேயே எழுதிவிடலாம் என்று வெள்ளைத்தாளும் அட்டையும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஏறினேன். ஜன்னலோர சீட் கிடைத்தது. அட்டையை மடியில் வைத்துத் தாளை விரித்தேன். மணி பார்க்க ஃபோனை எடுத்தேன். கண்டக்டர் தோளைத் தட்டியபோது சிதம்பரம் வந்திருந்தது. தாளில் ‘ஐயா’ என்று ஒரு சொல்தான் இருந்தது.

அந்தம்மா எனக்கு முன்னாலேயே வந்து மேசைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பையில் பாதி தைத்த யூனிஃபார்ம் சட்டை ஒன்று தெரிந்தது.

“எழுதிட்டீங்களா சார்?”

“இல்லம்மா.”

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால்கூட எழுதியிருப்பேனோ என்னவோ. அவர் பையிலிருந்து எட்டிப் பார்த்த சட்டையை உள்ளே தள்ளினார்.

“உங்களயே சொல்லி என்னா பண்றது சார். தாய்ப்பத்திரம் என் கையிலதானே இருந்துச்சி. நீங்க ஒழுங்காதான் படிச்சிருப்பீங்க, நான்தான் பராக்குப் பாத்துட்டேன் போல.”

இல்லை, நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள், நான்தான் படிக்கவில்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாயைத் திறந்தேன். சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தேன்.