பன்றிக்கும் முயலுக்கும் ஒரே துப்பாக்கி

பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே எல்லைக்கும் பனிக்கும் போய்விடுகிறார்கள். நானும் திருத்துவதில்லை. நான் இருந்தது சப்ளை பிரிவில். வருடத்துக்கு ஒருமுறை கூட்டிப்போய் குறி வரைந்த அட்டையைச் சுடவைப்பார்கள். மற்ற நாளெல்லாம் பருப்பு மூட்டைதான். ஊர் திரும்பி, திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் மேனேஜராக உட்கார்ந்தபோதும் ‘மிலிட்டரி சார்’ என்ற பட்டம் மட்டும் போகவில்லை.

ஒருநாள் காலை, அக்கா கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மஞ்சள் பையிலிருந்து வேரோடு பிய்ந்த வேர்க்கடலைச் செடிகளை எடுத்து என் மேஜை மேல் போட்டாள். அறைச் சாவிக்காக நின்றிருந்த ஆந்திரா பக்தர் ஒருவர், கோயில் பிரசாதம் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு காயைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை.

“பன்னிடா. கூட்டமா வந்து உழுதுட்டுப் போயிடுது. இந்த வாட்டியும் போச்சுன்னா மல்லாட்டையே வேணாம்னு வுட்டுடுவேன். அறுப்பு வரைக்கும் வந்து கூட இருடா. மிலிட்டரிக்காரன் இருக்கான்னாலே ஒரு தெம்பு.”

மாமா போன பிறகு அந்த இரண்டு ஏக்கர் கொல்லையை அவள் ஒருத்தியாகத்தான் பார்த்துவந்தாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடாத வருடம் அவள் வாழ்க்கையில் இருந்ததில்லை. “கவலய வுடுக்கா, நான் பாத்துக்கறேன்” என்றேன். மிலிட்டரிக்காரன் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே என் முதுகு நிமிர்ந்துவிட்டது. அன்று மாலையே துப்பாக்கி தேட ஆரம்பித்தேன்.

தேடியது செல்போனில். ஒரு வீடியோவில் தாடி வைத்த ஒரு அமெரிக்கர், அணிலிலிருந்து கரடி வரைக்கும் ஒரே ரைஃபிள் போதும் என்று முக்கால் மணி நேரம் பேசினார். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பன்றிக்கு மட்டும் எதற்கு? முயல் தளிரைக் கடிக்கிறது, மயில் விதையைப் பொறுக்குகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு குண்டு அளவு இருக்கத்தானே வேண்டும்?

பாயிண்ட் டூ டூ முயலுக்குப் போதும். பன்றிக்குக் கோபத்தை மட்டும்தான் வரவழைக்கும். பாயிண்ட் த்ரீ ஒன் ஃபைவ் பன்றியைச் சாய்த்துவிடும். ஆனால் அதே குண்டு பட்டால் முயலில் முயல் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. குறி தவறினால் வரப்போடு நிற்காமல் அடுத்த ஊருக்கும் போகும். இதையெல்லாம் லாட்ஜ் பில்லின் பின்பக்கங்களில் எழுதி எழுதிப் பார்த்தேன்.

“பன்னெண்டு போர் துப்பாக்கி வாங்குங்க சார்” என்றார் எதிரே பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்த பாய். அவருடைய அப்பா ஒரு காலத்தில் லைசென்ஸ் வைத்திருந்தவர். “தோட்டாவ மாத்திக்கிட்டா போதும். குருவிக்கு சின்ன ரவை, பன்னிக்கு பெரிய ரவை. ஜாஸ்தி யோசிக்காதீங்க.”

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் சிக்கல். பன்னிரண்டு போர் ரைஃபிளே இல்லை, பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர் மடியில் கிடப்பது. ராணுவத்தில் இருந்தவன் கையில் அதுவா? இந்த ஒரு கேள்வியிலேயே ஒரு மாதம் போய்விட்டது.

அக்கா வாரம் தவறாமல் போன் செய்தாள். “எப்படா வர்ற?”

“இன்னும் முடிவாகலக்கா.”

“எதுடா முடிவாகல? பஸ் ஏறுனா முக்கா மணி நேரம்.”

பௌர்ணமிக் கூட்டம் முடியட்டும் என்பேன். அவள் பழைய புடவைகளைக் கொல்லையைச் சுற்றிக் கட்டியதாகவும், சலூனிலிருந்து முடி வாங்கிவந்து வரப்பில் தூவியதாகவும் சொன்னாள். முகர்ந்தால் மூக்கில் ஏறுமாம், பன்றி திரும்பிவிடுமாம். “அதோட ரேஞ்சு எவ்வளவுக்கா?” என்று கேட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

ஒருவழியாக லைசென்ஸ் மனுவோடு கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். கிளார்க் என்னைவிட வயதில் சின்னவர். “எதச் சுடப்போறீங்க?”

பன்றி, முயல், மயில் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“மயிலுன்னு வெளியில சொல்லிடாதீங்க சார், உள்ள போட்டுடுவாங்க. முயலும் அப்படித்தான்.”

“அப்ப பன்னி?”

“அதுக்கு ஃபாரஸ்ட்டுக்காரங்க வரணும். நீங்க வேணும்னா மேல பார்த்து ஒரு சத்தம் காட்டிக்கலாம்.”

பெரிய மிருகத்துக்கும் சின்ன மிருகத்துக்கும் பொதுவாக நான் தேடிய அளவு கடைசியில் சத்தமாகச் சுருங்கியது. தீபத்துக்கு வெடித்து மிச்சமான பட்டாசே போதும். ஆனாலும் படிவத்தில் த்ரீ ஒன் ஃபைவ் என்று அழுத்தி எழுதினேன். சத்தத்திலாவது ரைஃபிள் சத்தம் கேட்கட்டும்.

அந்த வாரம் அக்காவின் கொல்லை மொத்தமாகப் போனது. பன்றியாகி மண்ணைத் தோண்டிக்கொண்டே போன பெருமாளுக்கு இந்த மலையின் அடி கிடைக்கவில்லை. இந்தப் பன்றிகளுக்கு மல்லாட்டை ஒரு காய் விடாமல் கிடைத்துவிட்டது.

மனு பல மாதம் மேஜை மேஜையாக நகர்ந்து போலீஸ் விசாரணை வரை வந்ததும், அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல ஊருக்குப் போனேன். கொல்லையில் முழங்கால் உயரத்துக்குச் சவுக்குக் கன்றுகள் நின்றன. அக்கா ஒரு தட்டில் அவித்த மல்லாட்டை கொண்டுவந்து வைத்தாள்.

“கடையில வாங்குனதுடா” என்றாள்.

“துப்பாக்கி வரப்போவுதுக்கா.”

“இன்னாத்துக்கு? சவுக்கப் பன்னி தின்னாது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நீதான கேட்ட? அவசரப்பட்டுட்டியே!”

“நான் எங்கடா துப்பாக்கி கேட்டேன்?” அவள் குரல் உயரவே இல்லை. “ராவுல தனியா காவலுக்குப் போவ பயமா இருந்துச்சு. கூட இருடான்னுதான் கேட்டேன்.”

சொல்லிவிட்டு ஒரு காயை உரித்து என் தட்டில் போட்டாள். அவமானமாக இருந்தது. அவள் கேட்டதற்கு லைசென்ஸும் வேண்டாம், மனுவும் வேண்டாம். பஸ் டிக்கெட் ஒன்று போதும்.

கடைசி பஸ் ஆறரைக்கு என்று அவள்தான் நினைவுபடுத்தினாள். நான் எழுந்திருக்கவில்லை. அன்று அங்கேயே தங்கினேன், காவல் காக்கக் கொல்லையில் ஒன்றும் இல்லாத நாளில்.