சல்லடை சொன்ன ‘நல்லா இருக்கு’

பல் மருத்துவமனையின் பின்னறையில் பல் செட் செய்கிறவளுக்கு வீட்டில்கூட ‘சல்லடை’ என்றுதான் பெயர். வைத்தவர்கள் நேரில் முகம் பார்த்திராத நாற்பது பேர். இணையத்தில் புகைப்படக்காரர்களுக்கென்று ஒரு குழு புதிதாக முளைத்திருந்த காலம். படத்தைத் திறந்தால் மேலிருந்து வரிவரியாக இறங்கும். வானம் வந்து, தலை வந்து, சட்டை வருவதற்குள் டீ ஆறிப்போகும். இதயம் போடுகிற வசதியெல்லாம் கிடையாது. முதலில் ஒரு குறை சொல்ல வேண்டும், அப்புறம்தான் பாராட்டு; அதுதான் விதி. குறை சொல்லாமல் ‘நல்லா இருக்கு’ என்று மட்டும் எழுதினால் அவமானம். அதற்காகவே மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள் உண்டு.

மெழுகில் பல் பதிக்கிற கண் அவளுடையது. ‘சல்லடை பாத்தாச்சா?’ என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள்.

அந்தக் குழுவில் நாத்தனாரைச் சேர்த்துவிட்டதும் அவள்தான். மகன் பிறந்த பிறகு பீரோவில் தூங்கிய தன் கேமராவை, “சும்மாதானே கெடக்கு, எடுத்துட்டுப் போ” என்று தூக்கிக் கொடுத்ததும் அவள்தான். கொடுத்த கை இன்னும் உறுத்துகிறது. இன்று குழுவில் லட்சம் பேர். நாத்தனார் ஒரு படம் போட்டால் இதயமாகக் கொட்டுகிறது. போன மாதம் சல்லடை யாருக்கோ ஒரு குறை எழுதப்போக, “நீங்க யாருங்க சொல்றதுக்கு?” என்று கேட்டுவிட்டார்கள்.

இப்போது குழு ஒரு கண்காட்சி வைக்கப்போகிறது. நாத்தனாரின் படம் வாசலிலேயே, ஆளுயரத்தில். சல்லடையிடம் யாரும் படம் கேட்கவில்லை.

நாத்தனார் பின்னறைக்கே வந்து போனை நீட்டினாள். “அண்ணி, நாளைக்குப் பிரிண்டுக்குப் போகுது. குறை சொல்லுங்க.”

படத்தில், சலூன் நாற்காலியில் வெள்ளைத் துண்டு போர்த்திய கிழவர், புதிதாகச் சிரைத்த தன் முகத்தைக் கண்ணாடியில் யாரையோ பார்ப்பதுபோலப் பார்க்கிறார். வலது ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் சிவப்புக் கால் எட்டிப் பார்த்தது. கிழவரின் முகத்தில் மயங்கியவர்களுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. நுனிநாக்குவரை வந்தது. வாசலிலேயே, ஆளுயரத்தில் என்று நினைத்துக்கொண்டாள்.

“நல்லா இருக்கு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். மெழுகு இறுகிடும், கெளம்பு.”

சாயங்காலம் கணவன் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான். “தங்கச்சிகிட்ட என்ன சொன்ன? போன்ல ஒரே அழுகை.”

“நல்லா இருக்குன்னு சொன்னேன். அதுக்குமா அழுவாங்க?”

“அதுக்குத்தான் அழறா.”

“அப்ப உங்க வீட்டு வழக்கம் எனக்குப் புரியல.”

“மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி,” என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

கண்காட்சியன்று கூட்டம் வருமுன்பே அவள் போய்விட்டாள். வாசலில் அந்தச் சிவப்புக் கால் அவள் மணிக்கட்டு அளவுக்குத் தடித்து நின்றது. பார்க்கத்தான் வந்தாள், கொஞ்ச நேரம் குளுகுளுவென்றுதான் இருந்தது.

நாத்தனார் பின்னால் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. “எங்கயோ ஓட்டை இருக்குன்னு அன்னைக்கே தெரியும் அண்ணி. தேடித் தேடிப் பாத்தேன், சிக்கல. மத்தவங்கள்லாம் சூப்பர்ங்கறாங்க. அவங்கள நம்பி நான் என்ன செய்ய? நீங்களும் அப்படிப் பேசிட்டா எனக்கு யாரு இருக்கா?”

இன்னொரு தடவை ‘நல்லா இருக்கு’ என்றால் முடிந்தது. ஆனால் விரல் தானாகவே எழுந்துவிட்டது. “அந்த நாற்காலிக் கால்.”

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். “பாத்தீங்கதானே அன்னைக்கு?”

“பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“கேமரா என்னுது,” என்றாள் சல்லடை. “கறுப்பு அட்டை இருக்கா? பிளேடு குடு.”

சட்டத்தை இறக்கித் தரையில் படுக்க வைத்தார்கள். சல்லடை முழங்காலிட்டு அட்டையை அளந்து வெட்டி, சட்டத்தின் கண்ணாடிக்கு அடியில் செருகி, வலது ஓரத்தை மறைத்தாள். பல் செட்டுக்கு ஈறு கட்டுகிற கை; இம்மி பிசகவில்லை.

மறுபடி மாட்டினார்கள். சிவப்பு போனதும் பார்வை நேராகக் கிழவரிடம் போய், அங்கிருந்து சலூன் கண்ணாடிக்குள் இறங்கியது. சல்லடை மூலைமூலையாகச் சலித்துப் பார்த்தாள். ஒன்றும் தங்கவில்லை.

“இப்போ அண்ணி?”

“நல்லா இருக்கு.”

நாத்தனார் முகம் சுருங்கியது. “மறுபடியுமா?”

“இந்தத் தடவ நெஜமாத்தான்டி. வயிறு எரியுது, போதுமா?”