கடைக்கு முன்னால் நான், பின்னால் அவர்

கலியாணமான புதிதில் எங்கள் வீட்டுக்காரர் ஊமையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பெண் பார்க்க வந்தபோது பேசியதெல்லாம் அவருடைய அண்ணன்தான். தாலி கட்டும்போது பேச வேண்டிய அவசியமே இல்லை. மறுநாள் காலையில் கிணற்றடியில் நின்றுகொண்டு, "தண்ணி வேணுமா?" என்று கேட்டார். அப்பாடா, வாய் இருக்கிறது என்று நிம்மதியானேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. மிச்சப் பேச்சை நான் பார்த்துக்கொள்வேன். சின்ன வயதில் வாத்தியார் கேட்ட கேள்விக்கு நான் திருப்பி ஒரு கேள்வி கேட்டதோடு என் படிப்பே முடிந்துபோனது. அப்படிப்பட்ட வாய்.

அண்ணனுக்குத் தம்பி என்றால் உயிர். தகப்பன் இல்லாத பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்த்தவர். இந்தக் கூச்சத்தால் தம்பி ஒன்றுக்கும் ஆகாமல் போய்விடுவானோ என்பதுதான் அவருக்கு ஓயாத கவலை. நாலு பேர் வந்துபோகிற தொழிலில் நிறுத்தினால் தானாக வாய் திறக்கும் என்று கணக்குப் போட்டார். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், அரிசி மண்டிகளை ஒட்டிய ஒரு சந்தில் சாயாக்கடை போட இடம் பிடித்தார். சாயாவுக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் பித்தளைச் சமோவர் ஒன்று வாங்கி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்து தந்தார். எழுபதுகளின் தொடக்கம் அது.

சாயாக்கடை என்றால் ஒரு வழக்கம் உண்டு. ஆண்பிள்ளை முன்னால் சமோவர் பக்கத்தில் நின்று சாயா அடிப்பான், சிரிப்பான், அரசியல் பேசுவான். பெண்பிள்ளை சாக்குப் படுதாவுக்குப் பின்னால் மாவாட்டி, வடை போட்டு, கிளாஸ் கழுவுவாள். நாங்களும் அப்படித்தான் நின்றோம். அவர் முன்னால் நின்றார், வேர்த்தார். யாராவது "அண்ணாச்சி, சௌக்கியமா?" என்றால் சாயா கிளாஸுக்கு வெளியே போகும். பதில் சொல்லாத மனுஷனுக்குத் திமிர் அதிகம் என்று பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போனார்கள்.

பின்னால் நான் போட்ட வடையைப் பற்றி நானே சொல்லக் கூடாது. அரிசி மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள்தான் எங்களுக்கு முக்கியமான ஆட்கள். அவர்களில் கொல்லத்துக்காரர் ஒருவர், பெரிய மீசை, நாங்கள் மீசைச் சேட்டன் என்போம். ஒரு நாள் அவர் என் வடையை எடுத்துப் பெஞ்சின் ஆடுகிற காலுக்கு அடியில் வைத்தார். பெஞ்சு ஆடாமல் நின்றது.

"சேச்சி, வட கொள்ளாம் கேட்டோ!" என்றார் உள்ளே பார்த்து.

"நல்லா இருக்குல்லா? நாலு காலுக்கும் தரட்டா?" என்று படுதாவுக்கு உள்ளேயிருந்து கத்தினேன்.

பெஞ்சு முழுவதும் சிரித்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. அதற்கும் என்ன பதில் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தார், பாவம்.

ஒரு மழைக்காலத்தில் சமோவர் குழாய் திறந்துகொண்டு கொதிதண்ணீர் இவர் வலது கையில் கொட்டிவிட்டது. கையில் துணிக்கட்டு. கடையைப் பூட்டினால் சோறு இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படுதாவைத் தள்ளி முன்னால் வந்தேன். வாழ்க்கையில் முதன்முதலாகச் சாயாவை வீசி அடித்தேன். தலைக்குமேல் தூக்கிய கோப்பையிலிருந்து சாயா இறங்கியது, கிளாஸைத் தவிர எல்லா இடத்திலும்.

மீசைச் சேட்டன் மீசையைத் துடைத்துக்கொண்டு, "சேச்சி, இது சாயயாணோ, மழையாணோ?" என்றார்.

"மழைக்கு யாராவது சீனி போடுவாவளா சேட்டா? நக்கிப் பாருங்க" என்றேன்.

சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறியது. மறுநாள் அவர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் சாயா அடிக்கப் பழகுவதற்குள் பெஞ்சில் இடம் இல்லாமல் ஆட்கள் நின்று குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மண்டிக் கணக்குப்பிள்ளையின் வழுக்கை, சேட்டனின் மீசை, லாரிக்காரரின் தொப்பை, எதையும் நான் விட்டுவைக்கவில்லை. அவர்களும் என்னை விட்டுவைக்கவில்லை. அத்தனை வருடமாகச் சுவரோடும் பானையோடும் பேசிய வாய்க்கு நிஜமான காதுகள் கிடைத்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது!

படுதாவுக்குப் பின்னால் வேறொரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது. இடது கையால் இவர் மாவாட்டப் பழகியிருந்தார். யாரும் பார்க்காத அந்த இருட்டு மூலையில், ஆட்டுரல் குழவியைச் சுற்றச் சுற்ற மெதுவாகப் பாடவும் செய்தார்! எனக்கே அன்றைக்குத்தான் தெரியும், அவருக்குப் பாட வரும் என்று. வடையோ, சொல்ல வேண்டாம். பெஞ்சுக் காலுக்கு முட்டுக் கொடுக்க வேறு கல் தேட வேண்டியதாயிற்று.

கை ஆறியது. கட்டுப் பிரித்த அன்று காலையில் நான் படுதாவை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். அவர் உரல் பக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

"எந்திரிங்க. ஆளு வருது. முன்னால போங்க."

"நீயே நில்லு."

"நானா? கை ஆறிட்டுல்லா?"

"கை ஆறிட்டு. எனக்கு இங்கனதான் ஆறுதலா இருக்கு" என்றார். பிறகு மாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ஒனக்கு மட்டும் உள்ள வரணும்னு ஆசையா?" என்று கேட்டார்.

பொய் சொல்லவில்லை. எனக்குத் துளியும் ஆசையில்லை. முன்னால் ஓடியே வந்துவிட்டேன்.

கடைத்தெரு சும்மா இருக்குமா? பக்கத்துக் கயிற்றுக்கடை அண்ணாச்சி எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். ஊரின் மானம் முழுவதும் அவர் கடையில்தான் சுருட்டி வைத்திருப்பது போல ஒரு நினைப்பு. ஒரு நாள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஏம்மா, கடைக்கு முன்னால நீ நிக்க. உள்ள மாவாட்டுதவன் சேல கட்டிருக்கானா, பாத்தியா?"

"அவிய கைலிதான் கட்டிருக்காவ அண்ணாச்சி. நம்பலன்னா உள்ள போயி பாருங்க. அப்படியே கொஞ்சம் உளுந்து கழுவிக் குடுத்துட்டு வாங்க."

அன்றைக்குப் பெஞ்சு சிரித்த சிரிப்பில் அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. ஊருக்குப் போகிற யாரிடமோ அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்: உங்கள் தம்பி படுதாவுக்குள் பெண்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறான், அவன் பெண்டாட்டி சுமட்டுக்காரர்களோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

அடுத்த வாரமே அண்ணன் வந்து நின்றார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கணவனுடைய அண்ணன் என்றால் தம்பி பெண்டாட்டி அவர் எதிரில் நிற்கக் கூடாது. அவரும் அவளோடு நேருக்கு நேர் பேச மாட்டார். கலியாணமாகி அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் வீட்டுக்குள் வந்தால் நான் அடுக்களைக்குள் போய்விடுவேன். வேண்டியதை இவர்தான் இரண்டு பக்கமும் சொல்வார். இவர் சொல்லி, இரண்டு பக்கமும் எத்தனை விஷயம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் சந்துக்குள் வந்தபோது என் ஒரு கை தலைக்குமேல் இருந்தது, ஒரு கை இடுப்புக்குக் கீழே. நடுவில் சாயா இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஓட வேண்டும். ஓடினால் சாயா யார் மடியிலாவது கொட்டும். அடித்து முடித்து, முந்தானையைத் தலையில் போட்டு, பக்கவாட்டில் திரும்பி நின்றுகொண்டேன். ஓடவில்லை.

அவர் என்னைப் பார்க்காமல் பெஞ்சின் ஓரத்தில் இருந்த மீசைச் சேட்டனைப் பார்த்தார்.

"அந்தப் பொம்பளைய உள்ள போகச் சொல்லும்."

சேட்டன் ஒரு முழம் தூரத்தில் நிற்கிற என்னைத் திரும்பிப் பார்த்து, "சேச்சி, அகத்தோட்டு போகான் பறயுன்னு" என்றார்.

"ஏழு பேருக்குச் சாயா பாக்கி கெடக்கு, இப்ப போவ முடியாதுன்னு சொல்லுங்க சேட்டா."

சேட்டன் அந்தப் பக்கம் திரும்பினார். "இப்போ பற்றில்லா. ஏழு சாயா உண்டு."

"எந்தம்பி எங்கன்னு கேளும்."

"சேச்சி, அனியன் எவிடெ?"

"உள்ள மாவாட்டுதாவன்னு சொல்லுங்க."

சேட்டனுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துவிட்டது. கையை மேலும் கீழும் சுற்றி மாவாட்டியே காட்டினார். பெஞ்சில் யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். அண்ணன் முகம் கறுத்தது. மேல்துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஏலேய்! வெளிய வால!"

சாக்குப் படுதா விலகியது. இவர் முழங்கை வரை மாவோடு வந்து நின்றார். அத்தனை பேர் பார்க்கிறார்கள். காது மடல் வரை சிவந்துவிட்டது.

"என்னல கோலம் இது? ஒன்ன ஆம்பளையா ஆக்கணும்னு சமோவர் வாங்கித் தந்தேன். நீ அத அவ கையில குடுத்துட்டு உரல்ல உக்காந்திருக்க. இன்னைக்கே நீ முன்னால நிக்கணும், அவ உள்ள போகணும். இல்லன்னா சமோவர மத்தியான பஸ்ஸுல எடுத்துட்டுப் போயிருவேன். எதுன்னு சொல்லு."

என் சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சமோவர் போனால் கடை இல்லை. கடை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும். அங்கே படுதாவுக்குப் பதில் கதவு, அவ்வளவுதான் வித்தியாசம். சமோவர் இருக்க வேண்டுமென்றாலும் நான் உள்ளேதான் போக வேண்டும். எப்படிப் பார்த்தாலும் எனக்கு உள்ளேதான் இடம். இவர் அண்ணனை எதிர்த்து ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணனை என்ன, ஆட்டையே எதிர்த்துப் பேசாத மனுஷன். முந்தானைக்குள் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அண்ணே" என்றார்.

மாவுக் கையால் கொதிக்கிற சமோவரைக் காட்டினார்.

"நான் நாலு பேருகிட்ட பேசணும்னுதான் நீங்க இத மடியில வச்சித் தூக்கிட்டு வந்திய. எனக்கு வரல அண்ணே. காலைல கடை தொறக்கும்போதே எப்ப பூட்டுவோம்னு இருக்கும். அவளுக்கு அது வருது. எனக்கு இது வருது. சமோவர நீங்க எடுத்துட்டுப் போனா போங்க, ஒங்க பொருளு. ஆனா நான் திரும்ப முன்னால நிக்க மாட்டேன். அவளும் உள்ள போக வேண்டாம்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி அதற்கு முன்னாலும் நான் கேட்டதில்லை, அதற்குப் பிறகும் கேட்டதில்லை. பேசி முடிக்கும்போது மாவு சொட்டி அண்ணனுடைய செருப்பு ஒன்று வெள்ளையாகியிருந்தது. அதைப் பார்த்துப் பதறிக் குனிந்து முழங்கையாலேயே துடைக்கப் போய் இன்னொரு செருப்பையும் வெள்ளையாக்கினார். பிறகு, "எண்ணெய் காயுது" என்று உள்ளே போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து மண்டிக்கு லோடு வந்தது. லாரிச் சத்தம் கேட்டதும் சேட்டனும் மற்றவர்களும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். பெஞ்சில் அண்ணன் மட்டும் உட்கார்ந்தார். விடியும் முன்பே பஸ் ஏறி வந்த மனுஷன்.

நான் ஒரு சாயா அடித்தேன். தூள் கூட்டி நல்ல கடுப்பமாக, பதமாக. கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை. கேட்டுச் சொல்லவும் ஆள் இல்லை. கிளாஸைப் பெஞ்சின் அந்தக் கோடியில் வைத்துவிட்டுச் சமோவருக்கு வந்துவிட்டேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. நான் வேறு பக்கம் திரும்பிப் பாத்திரத்தைத் தேய்த்தேன். திரும்பிப் பார்த்தபோது கிளாஸ் அவர் கையில் இருந்தது.

பாதி குடித்துவிட்டு, ரோட்டைப் பார்த்துச் சொன்னார்:

"சீனி கொஞ்சம் கூடிப்போச்சி."

ரோட்டில் யாரும் இல்லை. ஒரு கழுதைகூட இல்லை. நான் சமோவரைப் பார்த்துச் சொன்னேன்:

"அடுத்த சாயாவுக்குக் கொறச்சிருவோம்."

சமோவரும் ரோடும் கொஞ்ச நேரம் யோசித்தன.

"ம். ஒண்ணு போடு."

போடு என்றார். என்னிடம். வேறு யாரிடம் சொல்லியிருப்பார்! நான் அடித்ததில், வீட்டுக்காரர் அடித்தது மாதிரி பாதிச் சாயா கீழே போனது.

படுதாவுக்குப் பின்னால் குழவி மறுபடி சுற்றத் தொடங்கியது. பாட்டு வரவில்லை, அன்றைக்கு அவ்வளவு தைரியம் போதும் என்று நினைத்திருப்பார். அண்ணன் அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே இரண்டாவது சாயாவையும் குடித்து முடித்தார். சமோவரை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். சுட்டதோ என்னவோ, கையை எடுத்துக்கொண்டார்.

மத்தியான பஸ்ஸுக்கு நேரமானது. எழுந்து துண்டைத் தட்டினார். தட்டில் இருந்த வடையைப் பார்த்தார்.

"நாலு வட பொட்டலம் கட்டு. வீட்ல கேட்பா."

பேப்பரில் கட்டிக்கொண்டே கேட்டேன். இந்த முறை நான் சமோவரைப் பார்க்கவில்லை.

"யாரு சுட்டதுன்னு அக்கா கேட்டா என்ன சொல்லுவிய?"

பொட்டலத்தை வாங்கிப் பைக்குள் வைத்தார்.

"கடைல வாங்கினேம்பேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு ஜோடி வெள்ளைச் செருப்போடு சந்து முனையைத் தாண்டிப் போனார்.