மூன்றாம் பல்

சிறு இடுக்கியில் கவ்வவைத்த பித்தளைத் துண்டில், மூன்றாம் பல்லை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தன கைகள். தூளை ஊதிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் சாவிக்காரர்.

மகள் குடியிருந்த அறையின் வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு சாமானும் இல்லை. போன மாதம் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. இன்று சாவியை வீட்டுக்கார அம்மாவிடம் ஒப்படைக்க வேண்டும். நகலைக் கொடுத்துவிட்டு, அவள் விரல்பட்டுத் தேய்ந்ததைத் தானே வைத்துக்கொள்ள ஆசை.

மகள் மொழிபெயர்ப்பாளர். குடிவந்த வாரமே சாவியைத் தொலைத்தாள். இவர்தான் புதிதாக அராவிக் கொடுத்தார், அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே.

“சாவிங்கிறது போர்ச்சுகீசியர் கப்பல்ல வந்த சொல்லுப்பா. அவங்களுக்கு ‘ஷாவ’. இத்தாலியில ‘கியாவே’, ஸ்பானிய மொழியில ‘யாவே’, பிரெஞ்சுல ‘கிளே’. எல்லாத்துக்கும் தாய் லத்தீன் ‘கிளாவிஸ்’.”

“ஒருத்தி பெத்ததுங்களா? ஒண்ணு மூஞ்சி ஒண்ணுக்கு இல்லையே!”

“ஸ்பானிய மொழியில தண்ணிக்குழாயும் அதே சொல்லுதான். இத்தாலியில ஸ்பானரும் அதான்.”

“நல்ல ஊரு! சாவி கேட்டா ஸ்பானரை நீட்டுவானா?”

சிரித்த சிரிப்பில் அரம் வழுக்கி, மூன்றாம் பல் கோணிவிட்டது. தூக்கிப் பிடித்தால்தான் பூட்டு திரும்பியது. மாற்றித் தருகிறேன் என்றார். “வேணாம்ப்பா. உங்க கை தப்பு பண்ணினது இது ஒண்ணுதான். அது எனக்கு” என்று பிடுங்கிக்கொண்டாள்.

இப்போது நகலைப் பூட்டில் நுழைத்தார். திரும்பவில்லை. பழகிய கை, அந்தக் கோணலைத் தானாகவே திருத்தி அராவியிருந்தது. பூட்டோ இத்தனை வருடத்தில் அவள் சாவிக்கே தேய்ந்துபோயிருந்தது.

“ஆகலையாங்கய்யா? அப்ப பழசையே குடுத்துடுங்களேன்” என்றார் வீட்டுக்கார அம்மா.

“கொஞ்சம் பொறுங்கம்மா.”

இன்னொரு துண்டை எடுத்தார். இந்த முறை தெரிந்தே தப்பு செய்தார். கண்ணை நீர் மறைத்தது, துடைத்துக்கொண்டு அராவினார். கதவைச் சாத்திப் பூட்டி, புதியதை நுழைத்து லேசாகத் தூக்கினார். திறந்தது. “வாங்கப்பா” என்று உள்ளிருந்து குரல் வரவில்லை.

அடுத்தவர் கதவைத் திறக்கும் சாவி தொழில்காரனிடம் தங்கக் கூடாது. அந்த வழக்கத்தை அவர் ஒருநாளும் மீறியதில்லை. மகளின் சாவியை இடுக்கியில் மாட்டினார். மூன்றாம் பல்லைத் தொடாமல், முதல் பல்லை அடியோடு அராவினார். பூட்டில் விட்டு, திரும்பவில்லை என்று அந்த அம்மாவுக்குக் காட்டிவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“புதுசா குடிவர்றவங்ககிட்ட சொல்லிடுங்கம்மா” என்று புதுச் சாவியை அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். “லேசா தூக்கித் திருப்பணும்.”