பிளாக் டேங்கில் காகிதம் இல்லை

1. நேர்காணல்

டெக்சஸில் ஏரிக்கரையோரம், ஆட்கள் வண்டியோடும் கூடாரத்தோடும் வந்து தங்கும் ஒரு கேம்ப்கிரவுண்டுக்கு நானும் என் மனைவி ஹாஜராவும் வேலைக்குப் போனது 2009-இல். அதற்கு முன்னால் சான் ரமோனில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி ஆட்களைக் குறைத்தது. குறைக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஃப்ரீமான்ட்டில் இருந்த எங்கள் வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கினோம். லாரியின் முதுகில் ஒரு சின்ன ஃபிளாட்டை ஏற்றியது போல இருக்கும். கட்டில், அடுப்பு, டாய்லெட் எல்லாம் உண்டு. உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டினால் மூன்றும் எட்டும்.

அமெரிக்கர்கள் இதை ஆர்.வி. என்பார்கள். ரிட்டயர் ஆனபின் ஆசைக்கு வாங்குவார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகளிடம் ஃபோனில் விஷயத்தைச் சொன்னோம். "வாப்பா, பீப்பிள் டூ திஸ் ஃபார் ஃபன், யூ நோ தட், ரைட்?" என்றாள். தெரியும் என்றேன்.

கேம்ப்கிரவுண்டில் எங்களுக்கு ஹோஸ்ட் வேலை. வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது, பாத்ரூம் கழுவுவது, தீ மூட்டும் குழிகளில் சாம்பல் அள்ளுவது. கணவன் மனைவி இருவரையும் சேர்த்துத்தான் எடுப்பார்கள். வண்டியை நிறுத்திக் குடியிருக்க இடம் இலவசம். எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த இடம்தான். வண்டியை வீடாக்கிக்கொண்டவனுக்கு நிறுத்த இடமில்லை என்றால் வீடில்லை என்று அர்த்தம்.

மேனேஜர் பெயர் டெப். ஃபோனில் இன்டர்வியூ. அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் ஹாஜரா அவரைப் போலவே தமிழில் நடித்துக் காட்டிக் காட்டி, எனக்கும் இப்போது அப்படித்தான் நினைவிருக்கிறது.

"பாத்ரூம் கழுவுவீங்களா?"

"நோ ப்ராப்ளம்."

"ஹோஸ்ட் சைட்ல தண்ணி இருக்கு, கரன்ட் இருக்கு. ட்ரெய்னேஜ் கனெக்‌ஷன் கிடையாது. செவ்வாய்க்கிழமை மட்டும் பம்ப் லாரி வந்து டேங்க்கை உறிஞ்சிட்டுப் போகும். ஒரு வாரம் தாங்குவீங்களா?"

"நோ ப்ராப்ளம்."

சாஃப்ட்வேரில் கான்ட்ராக்டராக இருந்தவர்களுக்கு இது புரியும். இன்டர்வியூவில் எதைக் கேட்டாலும் முடியும் என்று சொல்லிவிட்டு, சனி ஞாயிறில் உட்கார்ந்து படித்துக்கொள்வது எங்கள் தொழில் தர்மம். நான் பத்து வருஷம் சோறு தின்றது அப்படித்தான். ஃபோனை வைத்ததும் ஹாஜரா கேட்டாள்.

"எதுக்குங்க நோ ப்ராப்ளம்னீங்க?"

"தெரியல. படிச்சுக்கலாம்."

2. படித்தது

வேலையில் சேருவதற்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. ஃப்ரீமான்ட்டுக்குத் தெற்கே ஒரு ஆர்.வி. பார்க்கில் வாடகைக்கு நின்றுகொண்டு பயிற்சி எடுத்தோம். முதல் பாடம், வண்டியைச் சமமாக நிறுத்துவது. சமமாக இல்லாவிட்டால் தோசை ஒரு பக்கம் தடிக்கும், மறுபக்கம் கருகும். இதற்கென்று ஒரு ரசமட்டம் வாங்கினேன். ஹாஜரா கல்லில் மாவை ஊற்றிப் பார்த்துவிட்டே, "இடது பக்கம் இன்னொரு கட்டை வைங்க" என்பாள். ரசமட்டமும் அதையே சொல்லும்.

அடுத்தது தண்ணீர்க் குழாய். தண்ணீரின் அழுத்தத்தைக் குறைக்க நடுவில் பிரஷர் ரெகுலேட்டர் என்று ஒரு பித்தளைத் துண்டு மாட்ட வேண்டும். நான் மாட்டவில்லை. சிங்க்குக்கு அடியில் பைப் வெடித்து, எங்கள் அரிசி மூட்டை தானாகவே ஊறிவிட்டது. அந்த வாரம் முழுக்க இட்லிதான்.

டேங்க் பாடம் கடைசியில் வந்தது. ஆர்.வி.யில் கழிவுக்கு இரண்டு தொட்டிகள். குளித்ததும் பாத்திரம் கழுவியதும் போவது கிரே டேங்க். டாய்லெட்டிலிருந்து போவது பிளாக் டேங்க். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்ட அடுப்புக்கு மேலே வரிசையாகக் குட்டி விளக்குகள் இருக்கும். பார்க்கில் ட்ரெய்னேஜ் இருந்தது. ஆனால் டெப் சொன்ன நிலைமையைப் பழக வேண்டும் என்று, திங்கட்கிழமை காலை கழிவு வெளியேறும் வால்வை மூடினேன்.

புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டி நிரம்பிவிட்டது.

பக்கத்து வண்டிக்காரர்கள் இதே அளவுத் தொட்டியில் பத்து நாள் ஓட்டுவார்கள். அவர்களுக்குக் காகிதம். எங்களுக்குத் தண்ணீர். டாய்லெட்டுக்குப் பக்கத்தில் வாளியும் அதில் ஒரு பிளாஸ்டிக் மக்கும் வைத்திருந்தோம். ஃப்ரீமான்ட் வீட்டிலும் அதே மக்குதான். மளிகைச் சாமான், குர்ஆன், இந்த மக்கு, மூன்றையும் ஹாஜரா முதல் பெட்டியிலேயே ஏற்றியிருந்தாள்.

நான் டெஸ்டிங்காரன். பிரச்சினையைப் பகுத்துப் பார்த்தேன். தொட்டியைப் பெரிதாக்க முடியாது, ஆட்களைக் குறைக்க முடியாது. மிஞ்சியது மக்கு.

"கொஞ்ச நாளைக்குப் பேப்பருக்கு மாறிக்கலாமா?" என்றேன்.

ஹாஜரா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள்.

"தண்ணி கம்மியா இருக்கிற எடத்துல மார்க்கத்துலயே அனுமதி இருக்கு. கல்லை வச்சுக்கூடச் சுத்தம் பண்ணிக்கலாம்னு இருக்கு" என்று ஆதாரத்தோடு பேசினேன்.

"மார்க்கத்துல கூடும்" என்றாள். "எனக்குக் கூடாது."

வெங்காயம் மறுபடி நறுக்கப்பட்டது. கூட்டம் முடிந்தது.

3. தோட்டப் பிரிவு

ஹாஜரா கூச்சப்படுகிற ஆளில்லை. ஃப்ரீமான்ட் வீட்டில் டேகேர் நடத்தியவள். அந்தத் தெருவில் பாதிக் குழந்தைகளுக்கு டாய்லெட் பழக்கியது அவள்தான். இன்ன குழந்தை இன்றைக்கு எப்படிப் போனது என்று சாயங்காலம் அழைத்துப்போக வரும் டாக்டர், எஞ்சினியர் எல்லாரிடமும் வாசலில் நின்றே சொல்லுவாள். நான் உள்ளே போய்விடுவேன்.

அந்த வாரக் கடைசியில் என்னை ஒரு பெரிய ஹார்டுவேர் கடைக்குக் கூட்டிப்போனாள். நான் பிளம்பிங் பக்கம் நடந்தேன். அவள் தோட்டச் சாமான்கள் இருந்த பக்கம் போய், ரோஜாச் செடிக்கு மருந்தடிக்கிற கைப் பம்ப் ஒன்றை எடுத்தாள். மேலே இருக்கும் பிடியை நாலு தடவை அழுத்திவிட்டு விசையைத் தட்டினால் தண்ணீர் ஊசி மாதிரிப் பாயும். என்னிடமிருந்த வாட்டர் பாட்டிலைப் பிடுங்கி அதில் ஊற்றி, உள்ளங்கையில் அடித்துப் பார்த்தாள். ஃபோர்ஸ் நன்றாக இருந்தது. கடைப் பையன் ஓடி வந்து எந்தச் செடிக்கு என்று கேட்டான்.

"இன்டோர் பிளான்ட்" என்றாள்.

மறு திங்கட்கிழமை வால்வை மூடினோம். ஒரு மக்குத் தண்ணீர் செய்த வேலையை இது ஒரு டீ கிளாஸ் தண்ணீரில் செய்தது. தொழுகைக்கு முன் ஒளு செய்து கைகால் கழுவும் தண்ணீர் கிரே டேங்க்குக்குப் போவது. அதையும் ஒரு பாத்திரத்தில் பிடித்துத் தரை துடைத்தோம். அடுத்த திங்கட்கிழமை சிவப்பு விளக்கு எரியவில்லை. நான் பார்த்த புராஜெக்ட்டுகளிலேயே சொன்ன தேதியில் முடிந்தது அது ஒன்றுதான்.

4. ராய் கண்டது

டெக்சஸில் முதல் இரண்டு வாரம் ட்ரையல். பிடித்தால் சீசன் முழுக்க வைத்துக்கொள்வார்கள், பிடிக்காவிட்டால் கிளம்ப வேண்டும். கிளம்பினால் எங்கே போவது என்று எங்களுக்கு ஒரு யோசனையும் இல்லை.

டெப் உயரமான பெண்மணி. அறுபது வயதிருக்கும். பேரக்குழந்தையின் படம் ஒட்டிய கோல்ஃப் கார்ட் என்கிற குட்டி பேட்டரி வண்டியில் சுற்றி வருவார். வந்த அன்றே எங்களை மரங்களுக்குப் பின்னால் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். எங்களுக்கு முன்னால் இருந்த ஹோஸ்டுகள், தொட்டி நிரம்பும்போதெல்லாம் ராத்திரியில் அங்கே திறந்துவிட்டிருக்கிறார்கள். மழை வந்து அது ஏரிக்குப் போய், குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள்.

"இன்னொரு தடவ நடந்தா கேம்ப்கிரவுண்டையே மூடிடுவாங்க" என்றார். "அந்தத் தப்புக்கு மட்டும் வார்னிங் கிடையாது. அன்னிக்கே அனுப்பிடுவேன்."

நோ ப்ராப்ளம் என்றேன்.

முதல் வாரம் நன்றாகப் போனது. நான் சாம்பல் அள்ளினேன், ஹாஜரா பாத்ரூம் கழுவினாள். செவ்வாய்க்கிழமை பம்ப் லாரி வந்தது. ஓட்டிவந்தவர் ராய். அதிகம் பேசாத ஆள். லாரிக் குழாயின் முனையில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் வளைவு இருக்கும். உள்ளே என்ன போகிறது என்று தெரியும். ராய் அதில் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதில் பார்த்தார். பிறகு லாரியை அங்கேயே விட்டுவிட்டு ஆபீஸுக்கு நடந்தார். திரும்பி வந்தபோது டெப்பும் வந்தார்.

"ராய் சொல்றான், உங்க பிளாக் டேங்க்ல வெறும் தண்ணின்னு" என்றார் டெப். "ரெண்டு பேர், ஒரு வாரம். ஒரு துண்டு பேப்பர்கூட இல்ல. எங்க கொட்டிட்டுத் தண்ணி ரொப்புனீங்க?"

எனக்கு விடை தெரியும். ஒரே வாக்கியம். அது வாயில் வரவில்லை.

இருபது வருஷம் நான் அமெரிக்க ஆபீஸ்களில் வேலை பார்த்தவன். அத்தனை வருஷமும் காபி மெஷினிலிருந்து ஒரு பேப்பர் கப்பை எடுத்து, ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டு ரெஸ்ட்ரூம் கதவைச் சாத்தியவன். எதிரே யாராவது வந்துவிட்டால் அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்தும் காட்டியிருக்கிறேன். நம் ஆட்கள் பல பேர் கையில் அதே கப்பைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் ஒருவருக்கொருவர் குட் மார்னிங் சொல்லிக்கொள்வோம், கப்பைப் பற்றிப் பேசமாட்டோம்.

"அது வந்து, பொதுவா எப்படின்னா..." என்று ஆரம்பித்தேன். தொட்டியின் கொள்ளளவு, சென்ஸாரின் நம்பகத்தன்மை, எங்கள் வாரப் பயிற்சி என்று விளக்கினேன். மீட்டிங்கில் பேசுகிற மாதிரி நன்றாகத்தான் பேசினேன். பேசப் பேச டெப்பின் முகம் இறுகிக்கொண்டே போனது. போன ஹோஸ்டும் இப்படித்தான் சுற்றி வளைத்திருப்பான் போல.

"நாளைக்குக் காலைல சைட்டைக் காலி பண்ணிடுங்க" என்றார்.

அப்போதும் நான் சொன்னது, "ஐ அண்டர்ஸ்டாண்ட்."

5. ஹாஜரா சொன்னது

ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஹாஜரா தலையில் துணியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். கையில் செடிக்கு மருந்தடிக்கும் பம்ப்.

"டெப், நாங்க பேப்பர் யூஸ் பண்ண மாட்டோம்" என்றாள். "தண்ணிலதான் கழுவுவோம். அதுக்குத்தான் இது." பிடியை அழுத்திப் புல்லில் அடித்துக் காட்டினாள்.

ராய் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டெப் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "கழுவுறதுன்னா, தெனமுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

"இவரும்?"

"இவரும்தான்."

டெப் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். டெப் என்னிடம் கேட்டவற்றில் நான் உண்மையாகப் பதில் சொன்ன ஒரே கேள்வி அது.

ஹாஜரா நிறுத்தவில்லை. "உங்க பேரப்பிள்ளைக்கு டயபர் மாத்தறப்போ ஈரத் துணில தொடைக்கிறீங்களா, காஞ்ச பேப்பர்லயா?"

"ஈரத் துணிதான். பின்ன, புண்ணாயிடாதா?"

"அப்ப எத்தன வயசுலேந்து காஞ்ச பேப்பர் போதும்னு முடிவு பண்ணீங்க?"

டெப் ராயைக் கூப்பிட்டு, டேங்க் உபயோகப்பட்டதா இல்லையா என்று மட்டும் சொல்லச் சொன்னார். ராய் திரும்பாமலே சொன்னார்.

"வாடை சரியாத்தான் இருந்துச்சு மேடம். பேப்பர்தான் இல்ல. நீங்க பேப்பரைத்தான் பாக்கச் சொல்லியிருந்தீங்க." பிறகு, "இந்த வரிசையிலயே அடைப்பில்லாம சீக்கிரம் காலியான டேங்க் இதுதான்" என்றார்.

டெப் கோல்ஃப் கார்ட்டில் ஏறி உட்கார்ந்தார். "நாளைக்குக் காலைல கெளம்ப வேணாம்" என்றார். "வழக்கம் போல பாத்ரூம் கழுவிடுங்க." போய்விட்டார்.

6. வண்டிக்குள்

நான் உள்ளே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். ஹாஜரா டெப்பைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

"அந்தம்மா மேல தப்பில்லங்க" என்றாள். "கேட்டாங்க. கேக்க வேண்டிய கேள்விதான். பதில் உங்ககிட்ட இருந்துச்சு." டீத்தூளைப் போட்டாள். "வீடே போகுது, அப்பவும் உங்களுக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சுல்ல?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? எனக்கு அழுகை வந்தது. வண்டி சின்னது, மறைத்துக்கொள்ள இடமில்லை. அவள் டீயைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த சீசன் முழுக்க இருந்தோம், அதற்கு அடுத்த சீசனும் கூப்பிட்டார்கள். இந்த வேலைக்குத் தயாராகிறவர்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். பிரஷர் ரெகுலேட்டர் மாட்டுங்கள். ட்ரெய்னேஜ் இருக்கிற இடத்திலும் பிளாக் டேங்க் வால்வை எப்போதும் திறந்தே வைக்காதீர்கள். தண்ணீர் ஓடிவிடும், மற்றது அடியில் தங்கி இறுகிவிடும். அரிசி மூட்டையை சிங்க்குக்கு அடியில் வைக்காதீர்கள். எப்படிச் சுத்தம் செய்துகொள்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் சொல்லிவிடுங்கள். பத்து விநாடிதான் ஆகும். அந்தப் பத்து விநாடிக்குப் பயந்து நான் இருபது வருஷம் கப்பும் கையுமாக நடந்தேன், ஒரு வீட்டையும் கிட்டத்தட்டத் தொலைத்தேன்.