ஆரபியின் கண்ணில் முளைத்த களை

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நாலு. தங்கை செத்துப் போனபின் அவளுடைய மூன்றையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஏழும் நிமிர்ந்து நிற்கின்றன. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது, எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் இப்படியொரு புதினச் செய்தியை வேறொருவர் வாயால் சொல்லவிட மனம் வரவில்லை. ஆகவே ஆறுதலாக, அவசரப்படாமல், நானே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளைக்கு நான் சொல்லப்போகிற இந்த நோய்வருத்தம் என்றால், இது உங்களுக்குத்தான்.

நாங்கள் புத்தூரில் தோட்டம் செய்கிற ஆட்கள். செம்மண், வெங்காயம், புகையிலை. கடைசி மகள் சுகந்தியும் அவள் மகள் ஆரபியும் என்னோடு இருக்கிறார்கள். மருமகனுக்கு வெளிநாட்டில் வேலை.

ஆரபிக்கு ஏழு வயது நடக்கும்போது இடக் கண்ணின் மேல் இமை வீங்கியது. கண்கட்டி என்றே நினைத்தோம். நாமக்கட்டியை உரைத்துப் பூசினேன். அது காய்ந்து உதிர்ந்தது, வீக்கம் உதிரவில்லை. நோவும் இல்லை. நோகவில்லையே என்று நானும் பேசாமல் இருந்தேன்.

ஒரு காலை பள்ளிக்கூடத்துக்குத் தலை இழுத்துவிடும்போது பிள்ளை என் கையைப் பார்த்துச் சிரித்தது.

"அம்மம்மா, ஏன் ரெண்டு சீப்புப் பிடிச்சிருக்கிறியள்?"

என் கையில் இருந்தது ஒரு சீப்பு. முகத்தை நிமிர்த்திப் பார்த்தேன். இடக் கண் மற்றதைவிட முன்னுக்குத் தள்ளி நின்றது. பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடித்தோம்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் உடம்பின் உள்ளே படம் எடுப்பது), பயொப்சி (கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது). வந்த பெயர் என் வாயில் நுழையவில்லை. ராப்டோமயோசார்கோமா. (தசையாக முதிரவேண்டிய கலங்கள், அதாவது செல்கள், முதிராமலே பெருகுகிற புற்று. எலும்பில்லாத மெத்தென்ற இழையங்களில் வருவது, பிள்ளைகளுக்கே கூடுதலாக வருவது.)

சுகந்தி கேட்டாள்: "கண் போகுமோ டொக்டர்?"

நான் கேட்டேன்: "பிள்ளை இருக்குமோ?"

டொக்டர் வட்டுக்கோட்டைப் பெண்பிள்ளை, என் பேத்தி மாதிரி வயது. முதலில் என் கேள்விக்குத்தான் பதில் சொன்னது. "உந்த இடத்தில வாறது கனபேருக்குச் சுகமாகி மாறுற வகை, அம்மா. கண்ணையும் எடுக்காமல் பாப்பம். ஆனா முழு மருந்தும் ஏத்தோணும். இடையில விடக்கூடாது."

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டு இரண்டு பேரும் தலையாட்டினோம். அன்றைக்குத் தலையாட்டுவது லேசு.

மருந்து ஏற்றத் தொடங்கியபின் ஒருநாள் டொக்டர் பிள்ளையின் நாடியைப் பிடித்தபடி என் கைகளைப் பார்த்தது. முழங்கைவரை சொறி.

"அம்மா, உங்கடை கையென்ன உப்பிடிச் சிவந்து கிடக்குது?"

"பார்த்தீனியம் பிடுங்கினது, பிள்ளை. எங்கடை வேலியோரம் முழுக்க உதுதான்."

பார்த்தீனியம் அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கரட் இலை போல இலை, சின்ன வெள்ளைப் பூ. எங்கள் மண்ணுக்குச் சொந்தமில்லாத களை. சண்டைக் காலத்தில் வெளியிலிருந்து வந்த ஆடுகளோடு வந்தது என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. தொட்டால் சொறியும், மணந்து பார்த்தால் மூச்சு முட்டி இழுக்கும். அது நிற்கிற இடத்தில் வேறு பயிர் தலைதூக்காது.

டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டு என் முன்னால் இருந்தது. அதன் முகம் மலர்ந்திருந்தது.

"அப்ப உங்களுக்கு ஒரு கதை சொல்லியே ஆகோணும். வெளிநாட்டில பிள்ளையளின்ரை உந்தப் புற்றை ஆராயிற ஆக்கள் இப்ப ஆரிட்டைப் போய்ப் பாடம் கேக்கினம் தெரியுமோ? உங்கடை பார்த்தீனியம் மாதிரிக் களையளை ஆராயிற ஆக்களிட்டை!"

"என்ன பிள்ளை பகிடி விடுறாய்?"

"சத்தியமா, அம்மா. அந்நியக் களை ஒண்டு புது நிலத்துக்கு வந்தா எப்பிடிக் கால் ஊண்டுது, எப்பிடிப் பரவுது, எப்ப பலவீனமாகுது எண்டு அவைக்குத் தெரியும். புற்றும் உடம்புக்குள்ள அப்பிடித்தான் பரவுதோ எண்டு ஒண்டாயிருந்து யோசிக்கினம்."

அறுபது வருசமாகக் குந்தியிருந்து களை பிடுங்குகிற மனிசி நான். அந்த வேலைக்குள் என் பிள்ளையின் வருத்தத்துக்கு ஒரு திறப்பு இருக்குமோ என்று எங்கோ படித்தவர்கள் தேடுகிறார்கள்!

"சொல்லு பிள்ளை, இன்னும் சொல்லு" என்றேன்.

டொக்டர் சொன்னதை எனக்கு விளங்கினபடி எழுதுகிறேன். களையோ புற்றோ, முதல் அடியில் கூட்டம் பெரும்பாலும் விழும். மிஞ்சுவது கொஞ்சம். அது அந்த மருந்துக்குத் தப்பிப் பிழைத்த முரட்டுக் கொஞ்சம். ஆனால் கொஞ்சமாக நிற்கும்போதுதான் எந்தக் கூட்டமும் நலிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து, அது திரும்ப நிமிர முதல், வேறு விதமான அடி கொடுத்தால் அடியோடு அழிக்கலாமோ என்று பார்க்கிறார்களாம். ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை என்று கையைக் கழுவினால், அது நிமிர்ந்துவிடும்.

"அப்ப பூக்க முதல் பிடுங்கோணும்" என்றேன்.

"ஓம். பிடுங்கின பிறகும் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருக்கோணும்."

"நிலத்துக்கு நோகாது, பிள்ளை. இவளுக்கு நோகுமே."

டொக்டரின் சிரிப்பு அடங்கியது. "ஓம் அம்மா. களைக்கு அடிக்கிறது பயிரிலயும் படும். எங்கடை கஷ்டமும் அதுதான்." பிறகு ஒன்றை அழுத்திச் சொன்னது: "இது இன்னும் ஆராய்ச்சிதான். இதை வைச்சு நாங்கள் மருந்தை மாத்தேல்லை. ஆரபிக்குக் குடுக்கிறது கனகாலமாத் தெரிஞ்ச வைத்தியம்."

அது ஆராய்ச்சியாகவே இருக்கட்டும். நான் அன்றைக்கு பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனிசிக்குச் சொன்னேன், சந்தையில் சொன்னேன், கோயில் கிணற்றடியில் சொன்னேன். ஆரபிக்கும் சொன்னேன். அன்றிலிருந்து மருந்து ஏற்றப் போகும் நாட்களில் அது என்னைக் கேட்கும்: "என்ரை பார்த்தீனியத்துக்கு இண்டைக்கு எந்த மருந்து அடிக்கினம், அம்மம்மா?"

தலைமயிர் கொட்டியது. வாய் புண்ணாகி அவிந்து தண்ணீரும் இறங்காத நாட்கள் வந்தன. வெள்ளைக் கலங்கள் (கிருமியோடு சண்டை பிடிக்கிறவை) குறைந்து காய்ச்சலோடு ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தோம். பிறகு கொழும்புக்குப் போய்க் கதிர்ச் சிகிச்சை (கண்ணுக்குத் தெரியாத கதிர்களை, கட்டி இருக்கும் இடத்தில் பாய்ச்சுவது). முகத்துக்கு அச்சாக ஒரு மூடி போட்டு, ஆடாமல் படுக்க வைப்பார்கள். "நான் ஆடேல்லை, மூக்குத்தான் அரிச்சது" என்று சொல்லிக்கொண்டு ஆரபி வெளியே வரும்.

பங்குனி பிறக்கும்போது ஸ்கான் எடுத்தார்கள். கட்டியைக் காணவில்லை!

நான் வாட்டு வாசலிலேயே கைகொட்டிச் சிரித்தேன். ஆனால் மருந்து ஏற்றுவதற்கு இன்னும் கனமாதம் கிடந்தது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

தொடக்கத்தில் எங்கள் ஊர் அம்மனுக்கு நேர்த்திக்கடன் வைத்திருந்தோம். கண் வருத்தம் மாறினால் வெள்ளியில் கண்மலர் (கண் வடிவில் செய்த தகடு) சாத்திப் பொங்குவோம் என்று. எங்கள் பக்கத்தில் நேர்த்தியை நிறைவேற்றினால் அந்தக் காரியம் முடிந்தது என்று பொருள். பிறகும் மருந்து குடித்தால் அம்மனை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

என் தம்பி கணேசு முன்னுக்கு நின்று பங்குனித் திங்களில் பொங்கலுக்கு ஒழுங்கு செய்தான். பானை பொங்கிக் கிழக்குப் பக்கம் வழிந்தது. எல்லோருக்கும் சந்தோசம். ஐயர் தட்டை நீட்டினார். நான் கண்மலரைத் தட்டில் வைக்கவில்லை. சேலைத் தலைப்பில் முடிந்தபடி இடுப்பில் செருகிக்கொண்டு நின்றேன்.

"அக்கை, வையணை!" என்றான் கணேசு.

"இல்லை. இப்ப இல்லை."

"அம்மாளாச்சியையே ஏமாத்திப் பேய்க்காட்டுறியோ?"

"நான் ஆரையும் பேய்க்காட்டேல்லை. அவளின்ரை வேலை இன்னும் முடியேல்லை. வெங்காயம் பாதி கிண்டின ஆளுக்கு நீ முழுக் கூலி குடுக்கிறனியோ?"

சனம் சிரித்தது. கணேசு சிரிக்கவில்லை. சுகந்தியும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பிள்ளையைக் கிடத்தியபின் சுகந்தி என் முன்னால் வந்து நின்றாள்.

"இனிக் காணும், அம்மா, நிப்பாட்டுவம். ஸ்கானில ஒண்டும் இல்லை. ஒண்டும் இல்லாத பிள்ளைக்கு இன்னும் நஞ்சேத்தச் சொல்லுறியள். எலும்பும் தோலுமாக் கிடக்கிறாள். பெத்தது நான். அடுத்த முறைக்கு நான் கொண்டுபோக மாட்டன்."

அவள் சொன்னதில் பிழை இல்லை. பிள்ளையின் கையில் ஊசி ஏற்ற நரம்பு தேடுவதை நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

கணேசு அவள் பக்கம். அவனுக்கு அப்போது உற்சாகமும் கூடியிருந்தது. எங்கள் காணிக்குப் பக்கத்தில் உள்ள தன் தோட்டத்தில் பார்த்தீனியத்தைப் பிடுங்கி, எரித்து, மருந்தும் அடித்து, வன்னியிலிருந்து லொறியில் எருவும் இறக்கிப் பரவியிருந்தான். தரை கழுவிவிட்டதுபோல் கிடந்தது. "என்ரை தோட்டத்தில ஒரு பார்த்தீனியம் காட்டு பாப்பம், மீசையை எடுக்கிறன்" என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சவால் விட்டான்.

சித்திரைச் சிறுமாரி வந்தது. இரண்டு மழை.

சில நாட்கள் கழித்து நான் வேலியோரம் போனேன். கணேசுவின் செம்மண்மேல் பச்சைப் புகைபோல் ஏதோ படர்ந்திருந்தது. குனிந்து பார்த்தேன். நகத்தளவு முளைக் குஞ்சுகள். ஆயிரமாக இருக்குமோ, பத்தாயிரமாக இருக்குமோ! நிலத்துக்குள் உறங்கிக் கிடந்த விதை பாதி, எருவோடு வந்தது பாதி.

சுகந்தியைக் கூப்பிட்டேன். பக்கத்தில் கணேசுவும் வந்து நின்றான். நான் தரையைக் காட்டினேன்.

"மல்லிக்கீரை போட்டனீங்களோ, மாமா?" என்று சுகந்தி கேட்டாள்.

கணேசு மீசையைத் தடவினான். "மல்லி இல்லை, பிள்ளை."

சுகந்தி குந்தியிருந்தாள். ஒரு குஞ்சை விரல் நுனியால் இழுத்தாள். நூல் மாதிரி வேரோடு வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"போன கிழமை இதில ஒண்டுமே இல்லையே, அம்மா."

"ஓம்."

"நிலமும் பிள்ளையும் ஒண்டில்லை."

"ஓம். அது எனக்கும் தெரியும். டொக்டரிட்டையே கேள்."

கேட்டாள். அடுத்த நாளே போய், ஆரபியை வெளியே இருத்திவிட்டுக் கேட்டாள். டொக்டர் சொன்னது இதுதான்: "ஸ்கானுக்குத் தெரியிறதுக்கு அது ஒரு அளவுக்கு வளரோணும். அதிலும் சின்னனா மிஞ்சியிருந்தா எந்தப் படத்திலயும் தெரியாது. இல்லை எண்டும் சொல்லேலாது, இருக்கு எண்டும் சொல்லேலாது. அதுக்காகத்தான் மிச்ச மருந்து."

சுகந்தி அழுதாள். அழுது முடித்துத் திகதியைக் கேட்டாள்.

அந்தத் திகதியில் நாங்கள் வாட்டில் இருக்கும்போது கணேசு வந்தான். மேலுதடு வெறும் உதடு. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தான். ஆரபி தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தது.

"கணேசுத் தாத்தா, உங்களுக்கும் மருந்து ஏத்தினவையோ?"

தாதிமார் உட்பட வாட்டே சிரித்தது. சுகந்தி சிரித்ததை எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கண்டேன்.

மிச்ச மருந்து முழுவதும் ஏற்றி முடிந்தது. அதற்குப் பிறகுதான் முடிச்சை அவிழ்த்துக் கண்மலரை அம்மனுக்குச் சாத்தினேன். வெள்ளி கறுத்திருந்தது. சாம்பல் போட்டு மினுக்கிக் கொடுத்தேன். கணேசு தவில்காரரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

இப்போது ஆரபிக்குப் பத்து வயது. தலை நிறைய மயிர், பின்னலுக்குள் அடங்காது. ஸ்கானுக்குப் போய்க்கொண்டே இருக்கிறோம். ஒவ்வொரு முறையும் முடிவு வரும்வரை அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பேன். இடக் கண்ணில் ஈரம் குறைவு, துளி மருந்து விடவேண்டும். கதிர்ச் சிகிச்சையால் அந்தக் கண்ணில் பனிப்புகார் மூடினாற்போல் வருகிறது, பின்னொரு நாளில் சத்திர சிகிச்சை செய்து தெளிவாக்கலாம் என்கிறார்கள். முழுக்க மாறிவிட்டதென்று யாரும் எழுதித் தரவில்லை. நானும் கேட்பதில்லை.

என் உடம்பையும் நான் இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். முன்பு அது எனக்கு ஒரு மண்வெட்டி மாதிரி, தேய்ந்தாலும் வேலை செய்யும் சாமான். இப்போது அது ஒரு நிலம். அதற்குள் நான் அறியாத எத்தனையோ வந்து விழுகின்றன, முளைக்கின்றன, முளைக்காமல் போகின்றன. காலத்தையும் நான் ஒரு மழை, அடுத்த மழை என்றே பார்க்கிறேன். ஒரு மழை வந்து தரை சுத்தமாகக் கிடந்தால் அது எனக்கு ஒரு திருவிழா.

வட்டுக்கோட்டைப் பிள்ளையைக் காணும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, "அந்தக் களைக்காரர் புதுசா என்னவும் கண்டுபிடிச்சவையோ?" என்றுதான். "இன்னும் பாத்துக்கொண்டுதான் இருக்கினம், அம்மா" என்று சொல்லும். பார்க்கட்டும். பார்த்துக்கொண்டே இருக்கட்டும். எனக்கு அவசரம் இல்லை. உலகத்தின் எங்கோ ஒரு மூலையில், நான் பிடுங்குகிற களையையும் என் பேத்தியின் கண்ணையும் ஒரே யோசனையில் வைத்து யாரோ முழித்திருக்கிறார்கள். அதை நினைத்தால் எழுபத்தாறு வயதில் எழும்பி ஓடவேண்டும் போல் இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். தரை வெளித்துக் கிடக்கிறதென்று பாதியில் திரும்பி வராதீர்கள். சந்தேகம் என்றால் டொக்டரிடம் கேளுங்கள், அழுதாவது கேளுங்கள்.

எழுதி முடித்துவிட்டேன். ஆரபி பக்கத்தில் குந்தியிருந்து, "இவ்வளவு பெரிய பெரிய எழுத்தா எழுதி என்ரை பள்ளிக்கூடக் கொப்பியை முடிச்சுப் போட்டியளே, அம்மம்மா" என்று முறைக்கிறது.

வேண்டுமென்றுதான் பெரிதாக எழுதினேன்.

"இந்தா பிள்ளை, முதலிலயிருந்து ஒருக்கா வாசி, கேப்பம். உப்பிடி இல்லை. வலக் கண்ணைப் பொத்திக்கொண்டு வாசி."