டொக்டருக்கும் பாஸ்டருக்கும் வாய் கொடுத்தவர்

யட்டவத்தைப் பக்கத்துத் தோட்டத்து ஜனங்களுக்கு முப்பத்தோரு வருஷம் வைத்தியம் பார்த்தவர் ஒஸ்வல்ட் என்று சொன்னால் அரசாங்கம் ஒப்புக்கொள்ளாது. அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவர் மருந்துச்சாலையில் அற்றன்டன். கதவு திறப்பார், நம்பர் துண்டு கொடுப்பார், மேசை துடைப்பார். ஆனால் வந்த டொக்டர்மாருக்குச் சிங்களம்தான் தெரியும், வந்த நோயாளிகளுக்குத் தமிழ்தான் தெரியும். நடுவில் இருந்தது ஒஸ்வல்டின் நாக்கு ஒன்றுதான்.

அது பொற்காலம் என்பதில் அவருக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. சனங்கள் வீட்டிலிருந்து போத்தல் கழுவிக்கொண்டு வந்து சிவப்புத் தண்ணி மருந்து வாங்கிப்போன காலம். “உப்பைக் குறைக்கச் சொல்லு” என்று டொக்டர் ஒரே வரியில் முடித்துவிடுவார். ஒஸ்வல்ட் தொண்டையைச் செருமி, “டொக்டர் ஐயா சொல்றாங்க” என்று தொடங்கினால், கருவாடு, ஊறுகாய், புருஷனின் சாராயம், நாத்தனாரோடு சண்டை எல்லாவற்றையும் குறைக்கச் சொல்லித்தான் நிற்பார். இவ்வளவையும் நானா சொன்னேன் என்று ஒரு டொக்டர் கேட்டதற்கு, தமிழ் கொஞ்சம் நீளமான பாஷை சேர் என்று பணிவோடு விளக்கம் கொடுத்தார். பாதிப் பேருக்கு அந்தப் பேச்சிலேயே குணமாகிவிடும் என்பது அவருடைய சொந்த ஆராய்ச்சி முடிவு. குணமானவர்கள் மிளகுப் பொட்டலம் கொண்டுவந்து அவர் மேசையில்தான் வைத்தார்கள்.

இப்போது அங்கே இருக்கும் டொக்டரம்மா ஆதிபா தமிழிலேயே கேட்டு, தமிழிலேயே ஏசுகிறார். பென்ஷனுக்குப் பிறகு, தன் பிரஷரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒஸ்வல்ட் வாங்குப் பலகையில் குந்தி, இவ்வளவு சுருக்கமாகவா ஏசுவது என்று கவலைப்படுவார்.

அந்தக் கவலை கர்த்தரின் காதில் விழுந்திருக்க வேண்டும். கலேவெலயிலிருந்து ஒரு பாஸ்டர் சனிக்கிழமை தோறும் வந்து சுகமளிக்கும் ஜெபம் நடத்தத் தொடங்கினார். பாஸ்டருக்குச் சிங்களம் மட்டும். வந்து உட்கார்ந்த கிழடுகளுக்குத் தமிழ் மட்டும். கத்தோலிக்கரான ஒஸ்வல்ட், மைக்குக்கு மதமில்லை என்று வாங்கிக்கொண்டார்.

இங்கே வேலை தலைகீழ். பாஸ்டர் மூச்சு விடாமல் பத்து நிமிஷம் முழங்குவார்: குளிசை மாத்திரையெல்லாம் வீசுங்கள், கிளினிக் கொப்பியைக் கிழியுங்கள், விசுவாசியுங்கள். ஒஸ்வல்ட் அதைச் சுருக்கி, “பாஸ்டர் சொல்றாங்க, கர்த்தர் பெரியவர். குளிசையை நேரத்துக்குப் போடுங்க” என்பார். கிழடுகள் ஜெபித்தார்கள், நேரத்துக்குப் போட்டார்கள், சுகமடைந்து சாட்சியும் சொன்னார்கள். பாஸ்டரின் புகழ் மாத்தளை வரை போயிற்று.

ஆறு மாதம் இப்படிப் போனது. பிறகு நிரஞ்சனி தன் மகள் தர்ஷிகாவை மேடைக்குக் கூட்டி வந்தாள். பிள்ளைக்கு வலிப்பு. குளிசை போடத் தொடங்கியதிலிருந்து, இரண்டு வருஷமாக, ஒருமுறைகூட வரவில்லை. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் குளிசையைப் பற்றிக் கேள்விப்பட்டதும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பாஸ்டர் அவள் தலையில் கைவைத்து, இன்றோடு குளிசையை விடு என்று முழங்கினார். ஒஸ்வல்ட் வழக்கம்போல மொழிபெயர்த்தார்.

தர்ஷிகா கண்ணைத் திறந்தாள். அவளுக்கு வேலை சீகிரியா ஹோட்டலில். நாள் முழுக்கச் சிங்களம்.

“அங்கிள், அவரு விடச் சொல்றாரு. நீங்க போடச் சொல்றீங்க. நான் யார் சொல்றத கேக்குறது?”

மைக் அதையும் விடாமல் வாங்கி மண்டபம் முழுக்கப் பரப்பியது. பாஸ்டர் புன்னகையோடு மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்தார்.

“பாஸ்டர் சொல்றாங்க…” என்று தொடங்கிய ஒஸ்வல்டுக்கு மருந்துச்சாலைக் காலத்து மாரிமுத்து நினைவுக்கு வந்தான். சுகமாகிவிட்டது என்று தானே வலிப்புக் குளிசையை விட்டவன். பீலித் தண்ணீரில் குளிக்கும்போது வலிப்பு வந்து விழுந்தான். அவனைப் பிணமாக மேசையில் தூக்கிக் கிடத்தியது ஒஸ்வல்ட்தான். அன்றைக்கு டொக்டர் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே நின்ற பெண்சாதியிடம் சொல்ல ஒஸ்வல்டிடமும் ஒன்றும் இருக்கவில்லை.

“டொக்டர் சொல்லல, பாஸ்டர் சொல்லல. நான் சொல்றேன் மகள். ஜெபம் பண்ணு. குளிசைய விட்டுறாத.”

இவர் என்ன சொல்கிறார் என்று பாஸ்டர் கேட்டார். ஹோட்டலில் விருந்தாளிகளிடம் பேசும் மரியாதையான சிங்களத்தில், ஓரெழுத்துக் குறையாமல் தர்ஷிகாதான் சொன்னாள். பாஸ்டர் கை நீட்டி மைக்கை வாங்கிக்கொண்டார். ஒஸ்வல்டின் இரண்டாவது உத்தியோகம் பென்ஷன் இல்லாமல் முடிந்தது.

தர்ஷிகா கீழே இறங்கி, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து அட்டையை எடுத்தாள். பின்னேரக் குளிசைக்கு நேரம். நிரஞ்சனி தடுக்கவா விடவா என்று தெரியாமல் மகளின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குளிசை இறங்கியதும், பழக்கதோஷத்தில், “ஸ்தோத்திரம்” என்றாள்.